உப்புக் காற்றில் ஒரு சித்திர அலுமாரி: மாயக்கதை நூல்களும் சித்திரக்கதைகளும் ஓவியங்களும் சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையின் உவர்மலையில் நான் வாழும் வீட்டின் நடு அறையில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிற்கும் மர அலுமாரியின் மூன்றாவது தட்டில், கறுப்புத் துணி அட்டை போட்டுக் கட்டிய தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. அதற்குள் அம்புலிமாமா என்னும் சிறுவர் மாத இதழின் ஓராண்டுப் பன்னிரண்டு இதழ்களும் மாத வரிசையில் தைக்கப்பட்டுள்ளன. தோளில் பிணமும் கையில் உருவிய வாளுமாக விக்கிரமாதித்தன் சுடுகாட்டு வழியே நடந்து வரும் படத்தை, பக்கத்தைத் தேடாமலே என் விரல் கண்டுபிடித்துவிடும். அட்டையின் உட்புறத்தில் ஊதா மையினால் ஒரு பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதப்பட்டுள்ளன. அந்தப் பிள்ளையின் வீட்டில் இதுபோன்ற புத்தகங்கள் ஒரு றங்குப்பெட்டி நிறைய இருந்தனவாம். இடப்பெயர்வின்போது பெட்டி போய்விட்டது. அயல்வீட்டார் வாசிப்பதற்கு இரவலாக வாங்கிச் சென்றிருந்த இந்த ஒன்று மாத்திரம் தப்பியது.

திருகோணமலையில் சேகரிக்க விரும்பும் ஒருவருக்கு நான் சொல்லக்கூடிய முதல் விடயம் இந்தப் புத்தகத்தின் கதைக்குள்ளேயே இருக்கிறது. போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் ஆண்டுதோறும் வரும் மாரியும் தனி ஒருவரின் அலுமாரியை மதித்ததில்லை. நான்கைந்து பேரின் வீடுகளில் பரந்து கிடக்கும் சேகரிப்பே இங்கே நிலைக்கிறது. ஆகவே கீழே வரும் படிகள் ஒவ்வொன்றையும், கூடிச் சேகரிக்கும் ஒரு சிறு வட்டத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

முதற்படி: எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்

மாயக்கதை, சித்திரக்கதை, ஓவியம் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. எனினும் மூன்றையும் முழுமையாகச் சேர்க்க முயல்பவர் இரண்டு ஆண்டுகளில் களைத்துப்போவார். ஒரு பாதையைத் தலையாயதாகவும் இன்னொன்றைத் துணையாகவும் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழர் நன்கறிந்த பாதை ஒன்று உண்டு. வார, மாத இதழ்களில் வந்த தொடர்கதைகளை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்தெடுத்து, ஓவியங்களோடு சேர்த்துக் கட்டுவித்து வைக்கும் வழக்கத்தையே சொல்கிறேன். கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை பொன்னியின் செல்வன் வெளிவந்தபோது மணியம் வரைந்த படங்களை, அவை முதலில் அச்சான அளவிலும் அமைப்பிலும் காண வேண்டுமானால், யாரோ ஒரு வாசகர் அன்று கட்டுவித்து வைத்த தொகுப்பைத்தான் தேட வேண்டும். அந்த நாவல் நாட்டுடைமையாக்கப்பட்ட பிறகு பல பதிப்பகங்கள் அதை வெளியிட்டுவிட்டன. எழுத்து எங்கும் கிடைக்கிறது, படங்களோ எல்லாப் பதிப்பிலும் இல்லை. 1947ஆம் ஆண்டு ஜூலையில் சென்னையிலிருந்து தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய அம்புலிமாமாவின் ஆண்டுத் தொகுப்புகளும் இந்தப் பாதையைச் சேர்ந்தவையே. விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளுக்கு நீண்ட காலம் படம் வரைந்த சங்கர் 2020இல் காலமானார். அவருடைய கோடு காலப்போக்கில் எப்படி மாறியது என்பதை ஆண்டு வரிசையில் பார்ப்பதே தனியொரு கல்வி.

இரண்டாவது பாதை தமிழ்ச் சித்திரக்கதைகளுடையது. சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ், ‘இரும்புக்கை மாயாவி’யுடன் தொடங்கியது. அதற்கு மூலமான பிரித்தானியத் தொடரின் முதற்கட்டப் படங்களை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ என்னும் ஸ்பானிய ஓவியர். ஒளியையும் இருளையும் அவர் பிரித்த விதம் கறுப்பு வெள்ளைச் சாணித்தாளிலும் மங்காமல் நின்றது. 1984இல் முத்து காமிக்ஸை நடத்திய அதே குடும்பத்திலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. புதியவர் ஒருவர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இதில் உண்டு. ராணி காமிக்ஸில் ‘மாயாவி’ என்று அழைக்கப்பட்டவர் காட்டில் வாழும் முகமூடி வீரர். முத்து காமிக்ஸின் மாயாவியோ மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக் கை மாத்திரம் தெரியும் மனிதர். “மாயாவி இருக்கிறதா?” என்று கடையில் கேட்டால் எந்த மாயாவி என்று திருப்பிக் கேட்பார்கள், விடை தெரிந்திருக்க வேண்டும்.

ஆங்கில மாயப்புனைவு மூன்றாவது பாதை. இதில் பழைய முதற்பதிப்புகளைக் கனவு காண்பதை விட்டுவிடும்படி கேட்டுக்கொள்வேன். 1937இல் வெளியான ‘தி ஹாபிட்’ நூலின் முதல் அச்சு 1500 பிரதிகளே. அவை நமது கைக்கு எட்டும் தூரத்தில் இல்லை. ஓவியர் ஒருவரின் பார்வையோடு வந்த பதிப்புகளைத் தேடுவது பொருள் பொதிந்த வழி. ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ கதைக்கு அலன் லீ நீர்வண்ணத்தில் வரைந்த படங்களோடு 1991இல் வந்த பெரிய ஒற்றைத் தொகுதி அத்தகையது. 1989 முதல் 1996 வரை 75 இதழ்களாக வந்த ‘சாண்ட்மேன்’ என்னும் சித்திரக்கதைத் தொடருக்கு டேவ் மெக்கீன் உருவாக்கிய அட்டைகளும் அவ்வாறே.

நான்காவது பாதை நமது ஊரிலிருந்து தொடங்குவது. கோணேசர் மலையில் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவையும், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும், குளக்கோட்டன் என்னும் அரசனின் கோயில் திருப்பணியையும் பற்றிய கதைகள் கோணேசர் கல்வெட்டு என்னும் பழைய நூல் முதல் இன்றைய சிறுவர் நூல்கள் வரை பல வடிவங்களில் அச்சாகியுள்ளன. அறிவியல் புனைகதையின் பெரும் பெயர்களில் ஒன்றான ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறியவர். 1957இல் வெளியான ‘தி ரீஃப்ஸ் ஒஃப் டப்ரபேன்’ என்னும் அவருடைய நூலில் இந்த மலையடிக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கோயில் எச்சங்களைப் பற்றிய பகுதி இருக்கிறது. புனைவில்லாத அந்த நூலையும், இத்தீவைச் சாயலாகக் கொண்டு 1979இல் அவர் எழுதிய ‘தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்’ நாவலையும் அருகருகே வைத்தால் ஒரு தட்டு தானாகவே உருவாகிவிடும். இந்தப் பாதையை இன்னும் அதிகம் பேர் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனெனில் இதை வேறு ஊரவர் நமக்காகச் செய்யப்போவதில்லை.

இரண்டாம் படி: வட்டத்தைக் கூட்டுங்கள்

எங்கள் வட்டத்தில் ஐந்து பேர் இருக்கிறோம். பௌர்ணமி விடுமுறை நாட்களில் பிற்பகல் மூன்று மணிக்குக் கூடுவது வழக்கம். ஒருவர் கிண்ணியாவிலிருந்து வருகிறார், ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், அவரை நாங்கள் மாஸ்டர் என்றே அழைக்கிறோம். வயதும் தொழிலும் வேறுபட்டிருப்பது பெரிய நன்மை. எழுபது வயதுக்காரரின் நினைவிலும் இருபது வயதுக்காரரின் கைபேசியிலும் இருக்கும் செய்திகள் வேறுவேறானவை.

தொடக்கத்திலேயே மூன்று ஒழுங்குகளை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பொருளுக்கு வட்டத்தினர் இருவர் போட்டியிட்டு விலையை ஏற்றக் கூடாது. யாருடைய தொகுதியில் அது இல்லையோ அவருக்கே முதலுரிமை. அடுத்து, இரவல் கொடுக்கும் ஒவ்வொரு நூலுக்கும் கொப்பியில் ஒரு வரி விழ வேண்டும்: நூலின் பெயர், கொடுத்த நாள், கொடுத்தபோது இருந்த குறைகள். “இந்தக் கிழிசல் முன்பே இருந்ததா?” என்ற ஒரு கேள்வி பல ஆண்டு நட்பை முறித்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவதாக, மாற்றிக்கொள்ளும்போது பணமதிப்பைக் கணக்கிடாமல் தேவையைக் கணக்கிடுங்கள். என்னிடம் இரண்டு பிரதிகள் இருந்த இதழொன்றைக் கொடுத்து, ஒருவரிடமிருந்து அட்டையில்லாத வேறோர் இதழைப் பெற்றேன். சந்தை விலையில் அது நட்டம்தான். ஆனால் அந்த அட்டையில்லாத இதழ் வந்ததால் என் ஆண்டு வரிசை நிறைவடைந்தது, அவருடைய வரிசையும் தொடங்கியது.

மூன்றாம் படி: தேடும் இடங்கள்

தேடலை வீடுகளிலிருந்து தொடங்குங்கள். வெளிநாடு போகும் குடும்பங்களும், பழைய வீட்டை இடித்துக் கட்டுபவர்களும், படித்து முடித்த பிள்ளைகளின் பெட்டிகளை ஒழிப்பவர்களும் முதலில் அழைப்பது பழைய கடதாசி வாங்குபவரைத்தான். அவருக்கு நீங்கள் முன்கூட்டியே அறிமுகமாகியிருக்க வேண்டும். நிறுவை விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்தால் போதும், கட்டை அவிழ்க்கும் முன் அவரே அழைப்பார். “தம்பி, படப் புத்தகம் ஒரு கட்டு வந்திருக்கு, மழை வரும் முன்னம் வந்து பாருங்கோ” என்ற ஓர் அழைப்பில்தான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த கண்டெடுப்பு நிகழ்ந்தது. கோணேசர் கோயில் வீதியில் ஒருமுறை கச்சான் வாங்கியபோது, சுற்றிக் கொடுத்த தாளில் மூன்று கட்டங்கள் கொண்ட சித்திரக்கதைத் துண்டொன்று இருந்தது. மிச்சப் பக்கங்களைக் கேட்டேன். அவை ஏற்கெனவே கச்சானோடு ஊரெல்லாம் போய்விட்டிருந்தன.

ஊருக்கு வெளியே என்றால், கொழும்பில் மருதானைப் பக்கமாக டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளுக்கு ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். அங்கே சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகைகளும் கிடைக்கும். மொழி தெரியாவிட்டாலும் கோட்டோவியத்துக்காக அவற்றைப் பார்ப்பது பயனுள்ளது. செப்டெம்பர் மாதத்தில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் நடைபெறும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியில் புதிய ஆங்கில வரைகலை நாவல்கள் கழிவு விலைக்கு வருவதுண்டு. தமிழகத்துக்குப் போகும் உறவினர் இருந்தால், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கோ ஆகஸ்ட் மாதம் ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்கோ போகுமாறு சொல்லி, பட்டியலை வெளியீட்டு எண்ணோடு எழுதிக் கொடுங்கள். கதைப் பெயரை மாத்திரம் எழுதினால் மறுபதிப்புத்தான் வந்து சேரும். சிவகாசி வெளியீட்டாளர்கள் சில சிறப்புத் தொகுதிகளை முன்பதிவைக் கணக்கில் கொண்டே அச்சிடுவதால், அவற்றைப் பிறகு தேடுவதைவிட முன்பே பதிவுசெய்வது மலிவு.

ஈழத்து அச்சை மறந்துவிடாதீர்கள். 1963இல் தொடங்கிய சிரித்திரன் என்னும் நகைச்சுவை இதழும், அதன் ஆசிரியர் சுந்தர் வரைந்த சவாரித்தம்பர் முதலான கருத்தோவியங்களும் நமது வரைகலை மரபின் தலையாய சான்றுகள். 1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்ததால், அந்த ஆண்டுகளின் இந்திய இதழ்கள் இங்குள்ள வீடுகளில் குறைவாக இருப்பதில் வியப்பில்லை. ஆகவே அக்காலத்துக் கட்டொன்று கிடைத்தால் அதில் உள்ளூர் இதழ்களையே முதலில் தேடிப் பாருங்கள். வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் பெருந்துணை. 2005இல் தொடங்கிய அந்தத் திட்டம் இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வருடி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. ஓர் இதழில் எத்தனை பக்கங்கள் இருக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பல வேளைகளில் அங்கேயே விடை கிடைக்கும்.

நான்காம் படி: பதிப்பை அறிதல்

சேகரிப்பின் அறிவுப் பகுதி இதுவே. ஒரு நூலைக் கையில் எடுத்ததும் அட்டையைப் பார்த்து மயங்காமல் பதிப்பு விவரப் பக்கத்துக்குப் போங்கள். தமிழ் நூல்களில் ‘முதற்பதிப்பு’ என்றும் அடுத்தடுத்த பதிப்புகளின் ஆண்டு என்றும் வரிசையாக இருக்கும். சில பதிப்பகங்கள் வேறு பதிப்பகத்தின் பழைய பதிப்பை மறைத்துத் தம் முதல் வெளியீட்டையே முதற்பதிப்பு என்று அச்சிடுவதால், ஆசிரியரின் முன்னுரைக்குக் கீழே உள்ள தேதியையும் ஒப்பிட வேண்டும். முன்னுரை 1962 என்றும் முதற்பதிப்பு 1988 என்றும் இருந்தால் விடை தெளிவு. ஆங்கில நூல்களில் விவரப் பக்கத்தின் அடியில் 10 முதல் 1 வரையிலான இலக்க வரிசை ஒன்று காணப்படலாம். அதில் எஞ்சியிருக்கும் மிகச் சிறிய இலக்கம் எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். 4 சிறியதாக இருந்தால் அது நான்காம் அச்சு. ஐ.எஸ்.பி.என். என்னும் சர்வதேசத் தர எண் 1970இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. எனவே 1955ஆம் ஆண்டுப் பதிப்பு என்று விற்கப்படும் நூலின் பின்னட்டையில் அந்த எண் இருந்தால், அது பிற்கால அச்சு.

சித்திரக்கதைகளில் பெரும்பாலும் இந்த விவரங்கள் போதிய அளவில் இரா. அங்கே உட்சான்றுகளைக் கொண்டு துப்பறிய வேண்டும். அட்டையின் உட்பக்கத்திலோ பின்னட்டையிலோ உள்ள வெளியீட்டுப் பட்டியலில், கையில் உள்ள இதழுக்குப் பின் வந்திருக்க வேண்டிய கதைகளின் பெயர்கள் இருந்தால், நீங்கள் வைத்திருப்பது மறுபதிப்பு. ‘அடுத்த வெளியீடு’ அறிவிப்பு, விலை, வாசகர் கடிதங்களின் பொருள், விளம்பரத்தில் வரும் பண்டம் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு தேதியைச் சுட்டும். இலங்கைக் கடைக்காரர் இந்திய விலைக்கு மேல் அடித்த இறப்பர் முத்திரையைச் சிலர் அழுக்கு என்று அழிக்க முயல்வார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். அந்த இதழ் எந்த ஊருக்கு வந்தது, எந்த விலைக்கு விற்றது என்பதற்கு உலகில் எஞ்சியிருக்கும் ஒரே சாட்சி அந்த முத்திரையாக இருக்கலாம்.

கட்டுவித்த தொகுப்புகளை வாங்கும்போது நடுப்பக்கங்களை எண்ணுங்கள். கட்டுபவர் ஓரங்களை வெட்டிச் சமன்செய்கையில் படங்களின் விளிம்பு போயிருக்கலாம், விளம்பரப் பக்கங்களையும் அட்டைகளையும் கழற்றி எறிந்திருக்கலாம். முழு ஆண்டு என்று சொல்லப்படும் தொகுப்பில் தீபாவளி மலர் இருக்கிறதா என்று பாருங்கள். அளவில் பெரியது என்பதாலும் தனியே ஒருவர் கேட்டு வாங்கிப் போவார் என்பதாலும் பெரும்பாலும் அதுதான் விடுபட்டிருக்கும்.

விலை பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. பக்கம் குறைந்த பிரதிக்கு முழு விலை கொடுக்காதீர்கள். மாதத்துக்கு ஒரு தொகையை வகுத்து அதை மீறாதீர்கள். 2022இல் ரூபாய் சரிந்தபோது வெளிநாட்டு வெளியீடுகளுக்குப் பதிவுசெய்து வைத்திருந்தவர்கள் பலர் பாதியில் கைவிட நேர்ந்தது. அந்தப் பதற்றத்தில் விற்கப்பட்ட சேகரிப்புகள் மறுபடி ஒன்றுசேரவில்லை.

ஐந்தாம் படி: கடலோரத்தில் கடதாசியைக் காத்தல்

மலிவான சஞ்சிகைத் தாளில் மரக்கூழின் லிக்னின் நீங்காமல் இருக்கும். ஒளியும் காற்றும் பட்டு அது ஒட்சியேற்றமடையும்போது தாள் பழுப்பாகி, அமிலம் கூடி, மடித்த இடத்தில் நொறுங்கும். இதை நிறுத்த முடியாது, தாமதப்படுத்தலாம். வெயில் படாத, வெளிச்சுவரைத் தொடாத, தரையிலிருந்து ஒரு முழமாவது உயர்ந்த இடத்தில் அலுமாரியை வையுங்கள். நூல்களை நெருக்கித் திணிக்காதீர்கள், சாய்ந்து வளையவும் விடாதீர்கள். மெல்லிய சித்திரக்கதைகளைப் பொலிப்புரொப்பலீன் அல்லது பொலியெஸ்டர் உறையில் அமிலமற்ற அட்டையோடு இட்டு நிமிர்த்தி வைக்கலாம். பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் மையைப் பிடுங்கி ஒட்டிக்கொள்ளும், அவற்றைத் தவிருங்கள். உப்புக் காற்று முதலில் தின்பது நடுவில் குத்திய கம்பியை. துருவேறத் தொடங்கிய கம்பியை முதுகுப்புறமிருந்து மெதுவாக நிமிர்த்திக் கழற்றி, அதே துளை வழியே வெள்ளைப் பருத்தி நூலால் தைத்துவிடுங்கள். செலோடேப்பைத் தொடவே வேண்டாம். கிழிசலுக்கு மெல்லிய ஜப்பானியக் கடதாசியும், கோதுமை மாவிலிருந்து பிரித்த மாப்பொருளில் காய்ச்சிய பசையும் போதும். தண்ணீரில் மறுபடி கழற்றக்கூடியது எதுவோ அதுவே நல்ல ஒட்டு.

நமது காலநிலைக்கு ஒரு நாட்காட்டி வேண்டும். ஐப்பசி தொடங்கித் தை வரை வாடையும் மழையும். காற்றின் சார்பு ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சணம் எழும் என்பதால், அக்காலத்தில் சிறிய ஈரப்பதமானி ஒன்றையும், துணிப் பையில் கட்டிய சிலிக்கா ஜெல்லையும் அலுமாரிக்குள் வையுங்கள். நிறம் மாறிய சிலிக்கா ஜெல்லை அடுப்பில் சூடாக்கினால் மீண்டும் உதவும். கச்சான் எனப்படும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் காலை வேளையில் கதவுகளைத் திறந்து, நிழலில் ஒவ்வொரு நூலையும் விசிறிப் பக்கம் தட்டி வையுங்கள். இராமபாணப் பூச்சியும் கறையானும் அப்போதுதான் கண்ணில் படும். ஏட்டுச்சுவடிகளுக்கு நம் முன்னோர் வைத்த வசம்பைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்கலாம், ஆனால் எந்த மூலிகையையும் பக்கங்களுக்கு நடுவே செருகாதீர்கள், கறை நிரந்தரமாகத் தங்கிவிடும். பூச்சி இருப்பதாகச் சந்தேகிக்கும் புதுவரவைப் பொலித்தீன் பையில் காற்றின்றி இறுக மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைநிலை அறையில் இரண்டு வாரம் வைத்துவிட்டு, வெளியே எடுத்த பிறகும் ஒரு நாள் பையைத் திறக்காமல் வையுங்கள். ஆழிப்பேரலையில் நனைந்து உலர்ந்த நூல் கிடைத்தால் அதை மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். தாளில் தங்கிய உப்பு ஒவ்வொரு மாரியிலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

என் பிழை ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு மார்கழி இரவில் ஓடு விலகி, மேல் தட்டில் இருந்த ஆறு வண்ணத் தொகுதிகள் நனைந்தன. லயன் காமிக்ஸ் 2012 முதல் தரமான பளபளப்புத் தாளில் வண்ணத்தில் வரத் தொடங்கிய பிறகு நான் ஆசையாகச் சேர்த்தவை அவை. விடிந்ததும் வெயிலில் பரப்பினேன். மாலையில் எடுத்தபோது ஒவ்வொன்றும் பலகைபோல் இறுகியிருந்தது. பக்கத்தைப் பிரித்தால் வண்ணம் மறுபக்கத்தோடு உரிந்து வந்தது. பளபளப்புத் தாளின் மேலுள்ள களிமண் பூச்சு ஈரத்தில் இளகி, உலரும்போது பசைபோல் பற்றிக்கொள்கிறது என்பதை அன்று அறிந்திருக்கவில்லை. அத்தகைய நூல் நனைந்தால் உலரும் முன்பே, ஈரத்தோடு ஈரமாக, ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவே மெழுகுத் தாளை இட்டு மின்விசிறியின் கீழ் நிறுத்துங்கள். பல நூல்கள் ஒரே நேரத்தில் நனைந்து கை போதாவிட்டால், தனித்தனிப் பைகளில் இட்டு உடனே உறைய வையுங்கள். உறைந்த நூல் காத்திருக்கும், ஒவ்வொன்றாக எடுத்துப் பனி கரையக் கரையப் பக்கங்களைப் பிரிக்கலாம். அடுத்த ஆண்டு மாஸ்டர் வீட்டில் இதே நிலை வந்தபோது, எங்கள் ஐவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிகளிலும் மீனுக்குப் பதிலாகப் புத்தகங்கள் இருந்தன. ஒன்றும் கெடவில்லை.

ஆறாம் படி: ஓவியங்கள்

முதலில் மூலத்தையும் அச்சையும் பிரித்தறியப் பழகுங்கள். பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், நான்கு நிற அச்சில் நிறங்கள் சிறு புள்ளிகளாகப் பூவிதழ் போல் அடுக்கப்பட்டிருக்கும். கையால் வரைந்த மையில் புள்ளி இராது. தூரிகை திரும்பிய இடத்தில் கோடு தடித்து மெலிந்திருக்கும், பென்சில் கோட்டின் எச்சமும் பிழையை மூடிய வெள்ளைப் பூச்சும் தெரியும். சித்திரக்கதையின் மூலப் பக்கங்கள் பெரும்பாலும் அச்சானதைவிடப் பெரிய அளவில் வரையப்படுபவை. ஆகவே இதழின் அளவிலேயே இருக்கும் ‘மூலம்’ ஐயத்துக்குரியது. எண்ணிட்ட அச்சுப் பிரதிகளில் 12/100 என்று எழுதியிருந்தால், நூறு பிரதிகளில் பன்னிரண்டாவது என்று பொருள். அந்த எண்ணும் கையொப்பமும் பென்சிலில் இருக்க வேண்டும், அச்சில் இருந்தால் அவற்றுக்கு மதிப்பில்லை.

பழைய தமிழ் இதழ்களின் மூல ஓவியங்களில் பல, அச்சுக் கட்டை செய்து முடிந்ததும் கவனிப்பாரற்றுப் போயின. அதனால்தான் இன்று வரைந்துகொண்டிருப்பவர்களிடம் நேரே வாங்கும்படி வற்புறுத்துகிறேன். நமது மாவட்டத்தில் கோயில் திரைச்சீலையும் பாடநூல் படமும் வரையும் கைகள் இருக்கின்றன. எங்கள் வட்டம் ஆண்டுக்கு ஒருமுறை பணம் சேர்த்து, இளம் ஓவியர் ஒருவரிடம் நம் ஊர்க் கதையொன்றின் ஒரு காட்சியைக் கேட்டு வாங்குகிறது. கடந்த முறை வந்தது இராவணன் வெட்டு. பாறையின் பிளவைக் கத்தரிப்பூ நிறத்தில் தீட்டி, அடியில் கொந்தளிக்கும் நீருக்கு வண்ணமே இடாமல் வெறுந்தாளை விட்டிருந்தார் அந்தப் பெண். அவரிடம் அளவு, தாள், தொகை, நாள் ஆகியவற்றை முன்பே எழுத்தில் பேசிக்கொண்டோம். ஓவியத்தை வாங்கியதால் அதை அச்சிடும் உரிமை நமக்கு வந்துவிடாது என்பதையும் அதில் எழுதினோம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, பதிப்புரிமை படைத்தவரின் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் நீடிக்கிறது. இன்றும் விற்பனையில் உள்ள சித்திரக்கதைகளை மின்வருடி நண்பர்களிடையே பரப்புவதும் இதே காரணத்தால் தவறு. சிறிய அச்சு எண்ணிக்கையில் இயங்கும் தமிழ் வெளியீட்டாளருக்கு ஒவ்வொரு பிரதியும் கணக்கில் வருகிறது.

சட்டமிடும்போது கண்ணாடி ஓவியத்தைத் தொடாதபடி அமிலமற்ற அட்டை விளிம்பை இடையில் கொடுங்கள். தொட்டால் மாரியில் ஒட்டிவிடும். கடலைப் பார்த்த சுவரிலும் குசினிச் சுவரிலும் மாட்டாதீர்கள். நீர்வண்ணத்தை ஆறு மாதம் சுவரிலும் ஆறு மாதம் உறையிலும் வைப்பது எங்கள் வழக்கம்.

ஏழாம் படி: பட்டியல்

ஒவ்வொரு பொருளுக்கும் பெயர், வெளியீட்டு எண், ஆண்டு, ஓவியர், பதிப்பு, குறைகள், யாரிடமிருந்து எப்போது வந்தது, இப்போது யார் வீட்டில் இருக்கிறது என்னும் விவரங்களை எழுதுங்கள். ஓவியர் என்ற நிரலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தமிழ் இதழ்களில் ஓவியரின் பெயர் பல வேளைகளில் படத்தின் மூலையில் ஒரு சிறு கையொப்பமாக மாத்திரமே இருக்கும். அதை வாசித்துப் பதிவது சேகரிப்பவரின் கடன். அட்டையையும் விவரப் பக்கத்தையும் கைபேசியில் படமெடுத்துப் பட்டியலோடு இணையுங்கள். பட்டியலின் ஒரு பிரதி உங்களிடமும், ஒன்று வட்டத்தில் இன்னொருவரிடமும், மூன்றாவது இந்தக் கரையோரத்துக்கு வெளியே வாழும் ஒருவரிடமும் இருக்கட்டும். நூல்களின் மீது பேனாவால் எதுவும் எழுதாதீர்கள். அடையாளம் தேவைப்பட்டால் கடைசிப் பக்கத்தின் உள்மூலையில் மென்மையான பென்சிலால் பட்டியல் எண்ணைக் குறியுங்கள்.

எங்கள் பட்டியலின் கடைசி நிரலுக்கு ‘அடுத்தவர்’ என்று பெயர். நமக்குப் பின் அந்தப் பொருள் யாரிடம் போக வேண்டும் என்பதை, அவரைக் கேட்டு, அவர் ஒப்பிய பிறகு அதில் எழுதுகிறோம். யாரும் ஒப்பாதவற்றுக்கு நகரப் பொது நூலகத்தின் பெயரை எழுதுவதற்கு முன், அங்கே போய்ப் பேசி, எந்த நிலையில் உள்ள நூல்களை ஏற்றுக்கொள்வார்கள் என்று கேட்டு வந்தோம். கறுப்பு அட்டை அம்புலிமாமாத் தொகுப்புக்கு நேரே கிண்ணியாத் தம்பியின் மகளுடைய பெயர் இருக்கிறது. அவளுக்கு இப்போது பதினொரு வயது. போன பௌர்ணமியன்று அதை இரவலாக எடுத்துப் போனாள். கொப்பியில் நாளையும், முதுகுத் துணி கீழ்மூலையில் அரை அங்குலம் பிரிந்திருப்பதையும் அவளே எழுதினாள்.